பள்ளிக்கூடத்து வாரக் கடிதத்தைத் தள்ளிவைக்காதீர்கள், தங்கச்சி

இலங்கையில் ஹட்டனிலிருந்து கனடாவில் ஸ்காபரோவுக்கு ஆகஸ்டில் வந்து சேர்ந்து, மகளைக் கத்தோலிக்க ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பில் விட்டிருக்கிறீர்கள். வாராவாரம் பள்ளிக்கூடத்திலிருந்து நீளமாக ஒரு கடிதம் ஈமெயிலில் வருகிறது. பீட்சா, சட்டை நிறம், ஓட்டம், பூசை, காசு எல்லாம் கலந்து கிடக்கிறது. அதையெல்லாம் செய்யத்தான் வேண்டுமா, விட்டால் ஏதும் சொல்வார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வாடகை, கார், வேலை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள், தங்கச்சி. வாடகைக்கும் காருக்கும் பதில் சொல்ல இங்கே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கடிதத்தைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் அதை நான் சொல்கிறேன்.

நாங்கள் வந்தபோது அது ஈமெயிலில் வரவில்லை, பிள்ளையின் பையில் நீலத் தாளாக மடித்து வரும். நாங்கள் இருந்தது ஒரு பேஸ்மென்டில். என் கணவர் இரவு வேலை, நான் பகல் வேலை. இரண்டு பேருக்கும் ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். மேல்வீட்டில் இருந்தவர் நம் ஆள்தான், வந்து பல வருடம் ஆனவர். அவரிடம் தாளைக் காட்டினால், “அதெல்லாம் காசு கேக்குற கடதாசி, குப்பையில போடுங்க” என்றார். அந்த அக்டோபரில் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் பூசணித் தோட்டம் பார்க்க பஸ்ஸில் போனார்கள். கையெழுத்து போட்ட ஃபார்ம் போகாததால் என் மகன் மட்டும் பக்கத்து வகுப்பில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தான். வீட்டுக்கு வந்து அவன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் டீச்சர் சொல்லித்தான் தெரிந்தது. அந்த மேல்வீட்டுக்காரர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. புதிதாக வந்தவருக்கு வேலை காட்டிக் கொடுக்கிறோம், சீப்பாகச் சாமான் வாங்கும் கடையைக் காட்டுகிறோம். பிள்ளை விஷயத்தில் மட்டும் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லிவிடுகிறோம்.

ஊரில் தேயிலைத் தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் கூடும் பிரட்டுக்களத்தில் நின்றால் போதும், இன்றைக்கு எந்த மலை, என்ன வேலை என்று கங்காணி சொல்லிவிடுவார். இங்கே பிரட்டுக்களம் இந்தக் கடிதம்தான். வேறு யாரும் லயத்து வீட்டு வாசலுக்கு வந்து கூப்பிட மாட்டார்கள். பூசணித் தோட்டத்து விஷயம் தெரிந்த பிறகு நான் அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளையும் படித்தேன். என் ஆங்கிலம் வளர்ந்ததே அந்த நீலத் தாள்களில்தான். இப்போது நான் ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் லஞ்ச்ரூம் சூப்பர்வைசராக இருக்கிறேன். கடிதம் படிக்கும் வீட்டுப் பிள்ளை எது, படிக்காத வீட்டுப் பிள்ளை எது என்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது பிஏ டே. ஆசிரியர்களுக்கான நாள், பிள்ளைகளுக்கு லீவு. நம் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு பள்ளி ஆண்டில் 7 நாள் வரை வரும். அது சனி, ஞாயிறில் வராது, பொது விடுமுறையும் இல்லை, உங்கள் முதலாளிக்கு அது தெரியவும் தெரியாது. கடிதத்தில் முன்கூட்டியே போட்டிருப்பார்கள். பார்த்த அன்றே நாட்காட்டியில் வட்டம் போட்டு வேலை இடத்தில் சொல்லிவையுங்கள். பிள்ளைக்குச் சுகமில்லை என்றாலும் மணி அடிக்கும் முன்பே பள்ளிக்கூடத்துக்குச் சொல்லிவிட வேண்டும். ஊரில் மாதிரி மறுநாள் லெட்டர் கொடுத்து அனுப்புகிற பழக்கம் இங்கே இல்லை. பிள்ளை வரவில்லை, தகவலும் இல்லை என்றால் வீட்டுக்கு, வேலைக்கு, நீங்கள் கொடுத்த எல்லா நம்பருக்கும் அடிப்பார்கள்.

சிவிஸ் டே என்றால் யூனிஃபார்ம் இல்லாமல் விருப்பமான உடுப்பில் வரும் நாள், ஒன்றோ இரண்டோ டாலர் தர்மத்துக்குக் கேட்பார்கள். பீட்சா லஞ்ச் விருப்பம் இருந்தால் மட்டும். காசு இப்போது பெரும்பாலும் ஆன்லைனில்தான் கட்ட வேண்டும். அந்தக் கணக்கைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், ட்ரிப் ஃபார்மும் அதில்தான் வரும். கையில் காசு இல்லாத மாதம் என்றால் அலுவலகத்தில் மெதுவாகச் சொல்லுங்கள். ட்ரிப்புக்குக் காசு இல்லை என்று பிள்ளையை வீட்டில் நிறுத்த வேண்டாம். வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் நம் ஆட்களுக்கு வழக்கமாகிவிட்டது, அதனால் நட்டப்படுவது பிள்ளை.

சாப்பாடு என் இடம், அதனால் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன். கச்சான், அதாவது நிலக்கடலை, முந்திரி எந்த உருவத்திலும் வேண்டாம். கடலை மிட்டாய், கச்சான் அல்வா, முந்திரி போட்ட பொங்கல் எதையும் கட்டாதீர்கள். பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு அது ஒவ்வாமை என்றால் மூச்சு அடைத்துவிடலாம், ஆம்புலன்ஸ் வர வேண்டியிருக்கும். சூடாக்கித் தர ஆள் இல்லை. தெர்மஸ் வாங்குங்கள். காலையில் முதலில் கொதிதண்ணீரை ஊற்றிச் சற்று நேரம் வைத்து, கொட்டிவிட்டுச் சோற்றைப் போட்டால் மத்தியானம் வரை சூடு இருக்கும். ரொட்டியும் சம்பலும் கட்டிக் கொடுத்தால் மற்றப் பிள்ளைகள் பார்ப்பார்கள் என்று சில தாய்மார் பயந்து, பிள்ளைக்குப் பிடிக்காத சாண்ட்விச்சைக் கட்டுகிறார்கள். அதைத் தொடாமல் அப்படியே திருப்பிக் கொண்டுபோகிற பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். ரொட்டியைச் சின்னத் துண்டாக வெட்டி வையுங்கள், உறைப்பைக் குறையுங்கள், பிள்ளை சாப்பிடும்.

அப்புறம், உள்ளே போட ஒரு சோடிச் சப்பாத்து, வெளியே போட பூட்ஸ். ஸ்னோ பேன்ட்ஸ் என்று கடிதத்தில் வந்தால் அன்றே வாங்குங்கள். கடும் குளிர் நாள் தவிர, பனியிலும் பிள்ளைகளை வெளியேதான் விடுவோம். நுவரெலியாக் குளிருக்குப் பழகியவர்கள் நாங்கள் என்று நினைத்து வரவேண்டாம். இது வேறு குளிர். எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள், இரண்டு கையுறையிலும்.

சட்டை நிறம் கேட்டீர்கள். செப்டம்பர் 30 ஆரஞ்சுச் சட்டை. அது வேடிக்கை நாள் என்று நினைத்து நம் ஆட்கள் பலர் விட்டுவிடுகிறார்கள். 1973இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிலிஸ் வெப்ஸ்டாட் என்ற ஆறு வயதுப் பூர்வகுடிப் பிள்ளை, பாட்டி வாங்கிக் கொடுத்த புது ஆரஞ்சுச் சட்டையோடு உறைவிடப் பள்ளிக்குப் போனாள். போன அன்றே அந்தச் சட்டையைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, மொழியை மறக்கடித்த பள்ளிகள் அவை. அவற்றில் பலவற்றை நடத்தியது நம் கத்தோலிக்கச் சபைதான். 2022 ஜூலையில் பாப்பரசர் பிரான்சிஸ் இங்கே வந்து மன்னிப்புக் கேட்டார். 1948இல் இலங்கையில் ஒரு சட்டம் போட்டு மலையகத் தமிழரான நம் தாத்தா பாட்டிமாரின் குடியுரிமையைப் பறித்தார்களே, அந்த வீட்டுப் பிள்ளைகள் நாம். இந்த நாளின் அர்த்தம் நமக்கு விளங்காவிட்டால் வேறு யாருக்கு விளங்கும்? இந்த முறை தவறிவிட்டது, அடுத்த செப்டம்பருக்குச் சட்டையை இப்போதே மலிவில் வாங்கி வையுங்கள்.

செப்டம்பரில் நடந்த ஓட்டம் டெர்ரி ஃபாக்ஸ் பெயரில். புற்றுநோயால் ஒரு கால் போன இளைஞன், 1980இல் செயற்கைக் காலோடு 143 நாள், 5,373 கிலோமீட்டர் ஓடினான். நோய் நுரையீரலுக்குப் பரவி தண்டர் பே அருகில் நின்றுபோனான். மறு வருடம் 22 வயதில் இறந்தான். காசு கொடுக்க முடியாவிட்டாலும் அந்தக் கதையை மகளுக்குத் தமிழில் சொல்லுங்கள்.

இனிமேல் வரப்போகிறதுதான் உங்களுக்குப் பெரிது. இரண்டாம் வகுப்பு என்றால் இந்த வருடம் மகளுக்கு முதல் நன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்குவது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் படிப்பிப்பார். ஆனால் பதிவு செய்வது பங்குக் கோயிலில், அது உங்கள் பொறுப்பு. வாரக் கடிதத்தின் அடியில் சின்னதாக ஒரு வரி வரும், இன்ன திகதிக்குள் பங்கில் பதியுங்கள் என்று. அதைத் தவறவிட்டுவிட்டு மே மாதத்தில் வெள்ளை உடுப்போடு வந்து நிற்கிற குடும்பங்கள் உண்டு. ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம் முதலில், அப்புறம்தான் நன்மை.

பதிவதற்கு ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டும். பள்ளியில் சேர்க்கும்போது கொடுத்த பிரதியே போதும் என்று இருந்துவிடாதீர்கள், பங்கில் கேட்டுப் பாருங்கள். புதிதாக எடுக்க வேண்டியிருந்தால், ஞானஸ்நானம் கொடுத்த கோயிலில்தான் பதிவேடு இருக்கும். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா எல்லாம் கண்டி மறைமாவட்டம். பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் என்றால் 1972இல் உருவான பதுளை மறைமாவட்டம். ஊரில் இருக்கும் தம்பியையோ மாமாவையோ நேரில் போகச் சொல்லுங்கள். பெயர் எழுத்தைப் பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தோட்டத்துப் பிள்ளைகளின் பெயரைப் பதிந்தவர் காதில் விழுந்தபடி எழுதிவைத்தார். என் தகப்பனார் பெயர் ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு விதம். இங்கே தகப்பன் பெயர்தான் குடும்பப் பெயராகிவிடுகிறது, ஓர் எழுத்து மாறினாலும் சத்தியக் கடதாசி வரை இழுபடும். வெள்ளை உடுப்பை இப்போதே வாங்க வேண்டாம், பிள்ளை வளரும்.

இந்தப் பள்ளிக்கூடங்களுக்குக் கட்டணம் இல்லை, அரசாங்கக் காசில்தான் நடக்கின்றன. 1867இல் கனடா உருவானபோதே அரசியல் சட்டத்தின் 93ஆம் பிரிவில் இந்தப் பள்ளிகளின் உரிமையை எழுதிவைத்தார்கள்.  நம் ஊரில் சபைகள் நடத்திய பள்ளிக்கூடங்களில் பெரும்பாலானவற்றை 1960இல் வந்த சட்டத்தோடு அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஹட்டன் பொஸ்கோவும் கபிரியேலும் புனிதர் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அரசாங்கப் பாடசாலைகளாக இருப்பது உங்களுக்குத் தெரியும். இங்கே ஆரம்ப வகுப்பில் சேர, பிள்ளையோ பெற்றோரில் ஒருவரோ கத்தோலிக்கராக இருக்க வேண்டும். அதற்காகவே ஞானஸ்நானம் எடுத்துவிட்டு, பிறகு கோயில் வாசலையே மிதிக்காத ஆட்களும் நம்மிடையே இருக்கிறார்கள். யூனிஃபார்ம் இருக்கிறது, ஒழுக்கம் இருக்கிறது என்று மட்டும் பார்த்துச் சேர்ப்பது எனக்குப் பிடிக்காது. அந்தப் பிள்ளை வீட்டில் ஒரு செபமும் கேட்காமல், பள்ளியில் திருவருகைக் கால மெழுகுதிரியைப் பார்த்து முழிக்கிறது.

இன்னொரு சாரார் கடிதத்தில் மார்க்ஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். மூன்றாம் வகுப்புக்கு முன்பே டியூஷன் தேடுவார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு வரச் சொன்னால் நேரமில்லை. ஜனவரியில் தமிழ் மரபுத் திங்கள் வரும்போது மட்டும் மேடைக்கு முன்னால் நிற்பார்கள். ஒருமுறை அந்த விழாவில் நான் பிள்ளைகளுக்குக் கொழுந்து பறிப்பதைப் பற்றிச் சொன்னேன். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளுவது, கூடை முதுகில் தொங்குவது, கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் நிறுப்பது எல்லாம் சொன்னேன். நம் பக்கத்துத் தாய் ஒருவர், “ஏங்க அக்கா அதையெல்லாம் சொல்றீங்க” என்று என் கையைப் பிடித்தார். யாராவது ஊர் கேட்டால் கண்டி என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிற ஆட்கள் அதிகம். நீங்கள் ஹட்டன் என்று சொல்லுங்கள். எந்தத் தோட்டம் என்றும் சொல்லுங்கள். மகளும் அப்படியே சொல்லட்டும்.

நான் படித்த தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரே மண்டபம், ஐந்து வகுப்பு, பெரும்பாலான நாட்களில் ஒரே வாத்தியார். மழை பெய்தால் தகரத்தில் சத்தம், பாடம் கேட்காது, வாத்தியார் பாட்டுப் பாடச் சொல்லிவிடுவார். எங்கள் தோட்டத்துச் சிறு கோயிலுக்கு மாதத்தில் ஒருமுறைதான் பூசைக்கு ஃபாதர் வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான் செபம் நடத்துவார். செபம் முடிந்ததும் அவர் ஓர் அப்பியாசக் கொப்பியை விரித்து அறிவித்தல்களை வாசிப்பார். யார் வீட்டில் செபமாலை, அந்தோனியார் கொடியேற்றத்துக்கு யார் தோரணம் கட்டுவது, ஆகஸ்டில் மடு மாதா கோயிலுக்குப் போகிற பஸ்ஸுக்கு யார் யார் காசு கட்டவில்லை என்று ஒன்று விடாமல் வாசிப்பார். மாரியம்மன் கோயில் திருவிழா வந்தால் அதையும் சொல்லிவிடுவார், எல்லாரும் போய்க் கைகொடுங்கள் என்று. சின்னப்பிள்ளைகள் நாங்கள் அந்த வாசிப்புக்காகவே அசையாமல் உட்கார்ந்திருப்போம், எங்கள் வீட்டுப் பெயர் வருகிறதா என்று பார்ப்பதற்கு. வந்துவிட்டால் அந்த வாரம் முழுக்க அம்மா நிமிர்ந்து நடப்பார்.

சரி, மற்றக் கேள்விகள். உங்கள் பள்ளிக்கூடத்துக்குச் செட்டில்மென்ட் வொர்க்கர், அதாவது புதிதாக வந்தவர்களுக்கு உதவுகிறவர், வருகிறாரா என்று அலுவலகத்தில் கேளுங்கள். வாடகை, வேலை, ஆங்கில வகுப்பு எல்லாம் அவர் சொல்வார், காசு கொடுக்க வேண்டியதில்லை. கார் இந்தப் பனிக்காலம் முடியட்டும். நவம்பரில் புரோகிரஸ் ரிப்போர்ட் வரும், அதையொட்டி டீச்சரைச் சந்திக்க நேரம் பதியச் சொல்லிக் கடிதத்தில் இருக்கும். தமிழில் பேச ஆள் வேண்டுமென்றால் அதையும் முன்கூட்டியே கேளுங்கள். கடிதம் வந்த அன்றிரவே பதிந்துவிடுங்கள், வேலை முடிந்து போகிற மாதிரியான மாலை நேரங்கள்தான் முதலில் தீர்ந்துபோகும்.