யூரிக் அமிலமும் காய்கறி நிறமிகளும்: கேட்டவற்றுக்குப் பதில்கள்

கேரட் போன்ற காய்கறிகளில் இருக்கும் பீட்டா கரோட்டின் என்ற நிறமி ரத்தத்தில் கூடினால் யூரிக் அமிலம் குறையும் என்று படித்தேன். உண்மையா சார்?

குறையும் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் நாடு தழுவி எடுக்கும் உடல்நல, உணவுக் கணக்கெடுப்பின் 2001–2006 தரவுகளை அலசியபோது, பீட்டா கரோட்டின் அதிகம் இருந்தவர்களிடம் யூரிக் அமிலம் குறைவாக இருந்தது, அவ்வளவுதான். இரண்டையும் ஒரே சமயத்தில் அளந்தார்கள், அதனால் எது எதற்குக் காரணம் என்பது அதில் தெரியாது. அப்புறம், உடல் பருமன் உள்ளவர்களுக்கு ரத்தத்தில் கரோட்டின் பொதுவாகவே குறைவு, அதே பருமன் யூரிக் அமிலத்தையும் ஏற்றும். கணக்கில் இதையெல்லாம் சரிக்கட்டப் பார்ப்பார்கள், ஆனால் முழுதாகக் கழித்துவிட முடியாது. என்னைக் கேட்டால், ரத்தத்தில் இருக்கும் கரோட்டின் ஒருவர் எவ்வளவு காய்கறி சாப்பிடுகிறார், எப்படி வாழ்கிறார் என்பதற்கான அடையாளம். அதை மருந்தாக நினைக்க வேண்டாம்.

அப்படியானால் விட்டமின் ஏ மாத்திரை எடுத்தால் வேலை முடிந்ததே?

தயவுசெய்து வேண்டாம். அதே தரவுகளில் ரெட்டினால், அதாவது நேரடி விட்டமின் ஏ, அதிகம் இருந்தவர்களிடம் யூரிக் அமிலமும் அதிகமாகத்தான் இருந்தது. சிறுநீரகம் தளர்ந்தால் இரண்டுமே ரத்தத்தில் தேங்கும் என்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். சரி, பீட்டா கரோட்டின் மாத்திரை? பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு தினம் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள், 1994-இல் வந்த முடிவு: நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. காய்கறியில் நல்லதாகத் தெரிந்ததைப் பிரித்தெடுத்து மாத்திரையாக்கியதும் நிலைமை தலைகீழானது. புகைபிடிப்பவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது.

கேரட்டைப் பச்சையாகச் சாப்பிடலாமா, ஜூஸ் நல்லதா?

கரோட்டின் கொழுப்பில் கரைவது. வேகவைத்து, கொஞ்சம் எண்ணெய் சேர்த்துச் சாப்பிட்டால் உடலில் கூடுதலாகச் சேரும். ஜூஸ் விஷயத்தில் கவனம், முக்கியமாகப் பழ ஜூஸ். பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸைக் கல்லீரல் கையாளும் வேகத்தில் கல்லீரலின் ஆற்றல் மூலக்கூறுகள் உடைந்து, கடைசியில் யூரிக் அமிலமாகத்தான் முடியும். முழுப் பழம் சாப்பிடுவது வேறு கதை.

கீரையில் பியூரின் இருக்கிறது, தொடாதே என்கிறார்கள். தக்காளியும் ஆகாதாம். பிறகு எதைத்தான் சாப்பிடுவது?

பியூரின் உடலில் யூரிக் அமிலமாக மாறும் பொருள்தான், ஆனாலும் கீரையைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். சுமார் 47 ஆயிரம் ஆண்களை 12 வருடம் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2004-இல் வந்தது. இறைச்சியும் கடல் உணவும் கவுட், அதாவது யூரிக் அமிலப் படிகங்கள் மூட்டில் சேர்ந்து வீங்கி வலிக்கும் நோய், வரும் வாய்ப்பைக் கூட்டின, பியூரின் உள்ள காய்கறிகள் கூட்டவில்லை. இத்தனை வருடம் கழித்தும் கீரையை விலக்கும் பழைய உணவுப் பட்டியல்கள் சுற்றிக்கொண்டிருப்பது எனக்கு எரிச்சல்தான். தக்காளி கொஞ்சம் சிக்கலானது. லைகோபீன் என்ற சிவப்பு நிறமி அதில் நிறைய உண்டு, ஆனால் தக்காளி சாப்பிட்டால் வலி கிளம்புவதாகச் சொல்லும் கவுட் நோயாளிகளும் கணிசமாக இருக்கிறார்கள். உங்களுக்கு அப்படி ஆகிறதென்றால் விட்டுவிடுங்கள், மற்றவர்கள் பயப்பட வேண்டியதில்லை.

உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது. கேரட் காரணமா?

இருக்கலாம். கண்ணின் வெள்ளைப் பகுதி வெள்ளையாகவே இருந்தால் பெரும்பாலும் கரோட்டின்தான், அளவைக் குறைத்தால் சில வாரங்களில் மெல்ல மறையும். கண்ணும் மஞ்சளானால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

எனக்கு யூரிக் அமிலம் 8.4. கால் கட்டைவிரலில் இரண்டு முறை வீங்கி வலித்துவிட்டது. மாத்திரை இல்லாமல் காய்கறியாலேயே குறைக்க முடியுமா அண்ணா?

முடியாது தம்பி, நேராகவே சொல்லிவிடுகிறேன். டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினாலே யூரிக் அமிலம் படிகமாகத் தொடங்கலாம், அதனால் கவுட் உள்ளவர்களுக்கு 6-க்குக் கீழே கொண்டுவரப் பார்ப்பார்கள். உணவால் பெரும்பாலானவர்களுக்கு ஒரு புள்ளி குறைந்தாலே பெரிது. அலோபியூரினால், ஃபெபுக்ஸோஸ்டாட் போன்ற மருந்துகள் யூரிக் அமிலம் உருவாகும் இடத்திலேயே தடுக்கின்றன. ஆரம்பித்த சில மாதங்களில் வலி திரும்ப வரலாம், பழைய படிகங்கள் கரையும்போது அப்படி ஆவதுண்டு, அதற்குப் பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ரத்த அழுத்தத்துக்கு ஏதாவது சாப்பிடுகிறீர்களா? தயசைடு வகை நீர் பிரியும் மாத்திரைகள் யூரிக் அமிலத்தை ஏற்றும், அதனால் போகும்போது நீங்கள் எடுக்கும் எல்லா மருந்துச் சீட்டுகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.