டயப்பர் புண் ஆறவே மாட்டேன் என்கிறதா? தொடை மடிப்பை விரித்துப் பாருங்கள்

குழந்தைகள் தோல் பிரிவில் நெடுங்காலமாகச் செவிலியராக இருக்கிறேன். டயப்பர் புண் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாதிப் பேருக்கு ஒரே கவலைதான்: ‘மருந்து போட்டுக்கொண்டேதான் இருக்கிறோம், ஆறவில்லை.’ முடிந்தவரை விளக்கமாகவே எழுதுகிறேன்.

கேள்வி: வணக்கம் சிஸ்டர். பையனுக்கு 7 மாதம். 10 நாளாக டயப்பர் போடும் இடம் முழுக்கச் சிவந்து கிடக்கிறது. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் ஜிங்க் ஆக்ஸைடு க்ரீம் தடவுகிறேன். குறையவே இல்லை. வேறு பிராண்ட் மாற்றிப் பார்க்கட்டுமா?

பிராண்டை மாற்றிப் பயனில்லைம்மா. முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். நல்ல வெளிச்சத்தில் பிள்ளையைப் படுக்க வைத்து, தொடை இடுக்கை இரண்டு விரலால் மெதுவாக விரித்து உள்ளே பாருங்கள்.

ஈரத்தாலும் உரசலாலும் வரும் சாதாரணப் புண், டயப்பர் படுகிற மேடான இடங்களில்தான் இருக்கும்: பிட்டம், அடிவயிறு, தொடையின் மேல்பக்கம். மடிப்பின் ஆழத்தில் டயப்பர் உரசாது, அதனால் அங்கே தோல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பூஞ்சை பிடித்திருந்தால் கதையே வேறு. மடிப்புக்குள்தான் சிவப்பு அதிகமாக இருக்கும், ஈரம் பூசினாற்போல் பளபளக்கும். ஓரம் கோடு போட்டது மாதிரித் தெளிவாக இருக்கும், அதில் மெல்லிய செதில் தெரியும். அந்த ஓரத்தைத் தாண்டி நல்ல தோலில் குட்டிக் குட்டிச் சிவப்புப் புள்ளிகள் தெறித்துக் கிடக்கும். அந்தப் புள்ளிகளைப் பார்த்துவிட்டாலே எங்களுக்கு முக்கால்வாசி சந்தேகம் தீர்ந்துவிடும். மாநிறம், கருநிறக் குழந்தைகளுக்கு இது சிவப்பாகத் தெரியாமல் கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ தெரியலாம். அவர்களுக்கு நிறத்தைவிட அந்தப் பளபளப்பையும் ஓரத்துச் செதிலையும் கவனியுங்கள்.

இது கேண்டிடா என்ற பூஞ்சை. எங்கிருந்தோ ஒட்டிக்கொண்ட அழுக்கு இல்லை, நம்மில் பலர் குடலிலும் சாதாரணமாக இருப்பதுதான். சிறுநீரும் மலமும் கலந்து கிடந்தால் அம்மோனியா உண்டாகித் தோலின் இயற்கையான அமிலத்தன்மை போய்விடுகிறது. அப்போது மலத்தில் உள்ள நொதிகள் வீரியமாகி மேல்தோலை அரிக்கின்றன. வெதுவெதுப்பு, ஈரம், அரித்த தோல் மூன்றும் சேர்ந்தால் பூஞ்சை குடியேற வேறென்ன வேண்டும்? ஒழுங்காகப் பார்த்துக்கொண்டும் 3 நாளில் குறையவில்லை என்றால் பூஞ்சையை நினைக்க வேண்டும். ஜிங்க் ஆக்ஸைடு வேலி போடும், பூஞ்சையைக் கொல்லாது. உங்களிடம் குறை இல்லை.

கேள்வி: மேலே கேட்டது நான்தான். பார்த்தேன், நீங்கள் சொன்ன புள்ளிகள் அப்படியே இருக்கின்றன! என்ன போட வேண்டும், எத்தனை நாள்?

மருத்துவரிடம் ஒருமுறை காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். குளோட்ரிமசோல் 1%, மைக்கோனசோல், நிஸ்டாடின் இவற்றில் ஒன்றைத்தான் பெரும்பாலும் எழுதித் தருவார்கள். வழக்கமாக ஒரு நாளைக்கு 2 அல்லது 3 தடவை.

போடுகிற விதம் முக்கியம். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கழுவி, மென்மையான துணியால் ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள். மடிப்பையும் விரித்து ஒற்ற வேண்டும், ஈரம் தங்குவது அங்கேதான். 10 நிமிடம் டயப்பர் இல்லாமல் காற்றாட விடுங்கள். பிறகு பூஞ்சை மருந்தை மெல்லிசாக, அந்தச் சின்னப் புள்ளிகளும் மூடும்படி தடவுங்கள். அது தோலில் இறங்கச் சில நிமிடம் விட்டு, மேலே ஜிங்க் ஆக்ஸைடைத் தாராளமாக, கனமாகப் பூசுங்கள். வரிசை மாறினால் வேலி உள்ளே, மருந்து வெளியே என்று ஆகிவிடும். அடுத்த முறை மாற்றும்போது வெள்ளையாக ஒட்டியிருக்கும் க்ரீமை முழுக்கச் சுரண்டி எடுக்காதீர்கள். பலர் சுத்தம் என்று நினைத்து இதைச் செய்து, ஆறி வரும் தோலையும் சேர்த்து உரித்துவிடுகிறார்கள். அழுக்கான மேல்பூச்சை மட்டும் எடுத்துவிட்டு அதன் மேலேயே பூசுங்கள்.

2, 3 நாளில் நிறம் மங்கும். அங்கேதான் தவறு நடக்கிறது. 4-ஆம் நாள் மருந்தை நிறுத்திவிடுவார்கள், அடுத்த வாரமே ‘மறுபடி வந்துவிட்டது’ என்று நிற்பார்கள். மறுபடி வரவில்லை, போகவே இல்லை. தோல் தெளிந்த பிறகும் எத்தனை நாள் போட வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு, அந்தக் கணக்கை முடியுங்கள்.

கேள்வி: சிஸ்டர், என் பெண்ணுக்கு 5 மாதம். மருந்துக்கடையில் ஒரு க்ரீம் கொடுத்தார்கள். போட்ட மறுநாளே சிவப்பு போய்விடுகிறது, நிறுத்தினால் முன்பைவிட மோசமாக வருகிறது. ஒன்றரை மாதமாக இப்படியே ஓடுகிறது.

உடனே அந்த ட்யூபை எடுத்து, பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்று ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்த கூட்டு மருந்து. இரண்டு பெயர்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் படித்துவிடாதீர்கள்: குளோட்ரிமசோல் பூஞ்சை மருந்து, க்ளோபெட்டசால் மிக வீரியமான ஸ்டீராய்டு. சில ட்யூபுகளில் பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, ஸ்டீராய்டு மூன்றும் ஒன்றாகவே இருக்கும்.

ஸ்டீராய்டு சிவப்பை அமுக்கிவிடும், அதனால்தான் மறுநாளே மாயம்போல் தெரிகிறது. ஆனால் அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்தே அமுக்குகிறது, பூஞ்சை அடியில் சௌகரியமாகப் பரவுகிறது. அதோடு டயப்பர் என்பது இறுக்கி மூடிய கட்டு மாதிரி. திறந்த தோலில் போடுவதைவிட அதற்குள் மருந்து பல மடங்கு உள்ளே இறங்கும். குழந்தையின் எடைக்குத் தோல் பரப்பும் அதிகம். இதே மாதிரி நீண்ட நாள் போட்டு வந்த ஒரு கைக்குழந்தை என் நினைவை விட்டுப் போகவில்லை. தொடைத் தோல் காகிதம் போல் மெலிந்து, கீழே நீல நரம்பு ஓடுவது தெரிந்தது. முகம் உருண்டு உப்பியிருந்தது. அந்த அம்மா, ‘புஷ்டியாகிவிட்டான் என்று சந்தோஷப்பட்டேனே’ என்று அழுதார்.

ஒன்றரை மாதம் என்பதால், நீங்களாகப் பட்டென்று நிறுத்தாமல் ட்யூபைக் கையோடு எடுத்துக்கொண்டு நாளைக்கே குழந்தை மருத்துவரிடம் போங்கள். நாள்பட உள்ளே இறங்கிய ஸ்டீராய்டு, உடம்பு தானே சுரக்க வேண்டிய ஹார்மோனைக் குறைத்துவிடும். எப்படி நிறுத்துவது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். பயப்பட வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம்.

கேள்வி: காது வலிக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தோம். முடிந்த 3-ஆம் நாள் டயப்பர் பகுதியில் புண். சம்பந்தம் உண்டா?

உண்டு. குடலில் பூஞ்சையை அடக்கி வைத்திருக்கும் நல்ல பாக்டீரியாவும் அந்த மருந்தில் போய்விடும், போதாக்குறைக்கு வயிற்றாலும் போகும். பால் கொடுக்கும் அம்மா ஆன்டிபயாடிக் சாப்பிட்டாலும் வரலாம். இதற்காகத் தேவையான ஆன்டிபயாடிக்கைப் பாதியில் நிறுத்தக் கூடாது.

கேள்வி: குழந்தைக்கு 3 மாதம். புண் ஆறி ஆறித் திரும்புகிறது. நாக்கில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது, துடைத்தால் போகவில்லை. எனக்கும் பால் கொடுக்கும்போது காம்பு எரிகிறது.

மூன்றையும் ஒன்றாகவே சொன்னீர்கள், நல்லது. பால் படிந்த வெள்ளை துடைத்தால் வந்துவிடும். துடைத்தும் வராமல், கன்னத்தின் உள்பக்கமும் இருந்தால் அது வாயில் பிடித்த அதே பூஞ்சை. வாயிலிருந்து குடல், குடலிலிருந்து டயப்பர், வாயிலிருந்து உங்கள் காம்பு, காம்பிலிருந்து திரும்ப வாய். கீழே மட்டும் மருந்து போட்டால் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். உங்களையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள், இருவருக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை நடக்கட்டும். நிஸ்டாடின் சொட்டு கொடுத்தால் பால் குடித்த பிறகு கொடுங்கள், முன்பே கொடுத்தால் பால் கழுவிக்கொண்டு போய்விடும். மைக்கோனசோல் வாய் ஜெல்லை 4 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், தொண்டையில் அடைத்து மூச்சுத் திணறலாம். சூப்பான், பாட்டில் நிப்பிள் இருந்தால் தினமும் கொதிக்க வையுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை.

கேள்வி: ஈரம் உறிஞ்சட்டும் என்று பவுடர் போடலாமா?

வேண்டாம். மடிப்பில் கட்டியாகி உரசும், அதைவிட மூச்சுக்குள் போனால் நுரையீரலைப் பாதிக்கும். போரிக் பவுடர் பக்கமே போகாதீர்கள், புண்பட்ட தோல் வழியாக உள்ளே இறங்கினால் அது விஷம். 1972-இல் பிரான்சில் ஒரு குழந்தைப் பவுடரில் ஹெக்ஸாகுளோரோபீன் என்ற கிருமிநாசினி தவறுதலாக அளவு மீறிக் கலந்து 36 குழந்தைகள் இறந்தார்கள். இத்தனைக்கும் டயப்பருக்குள் தூவியது மட்டும்தான். வெந்துபோன குழந்தைத் தோல் எதையும் உள்ளே விட்டுவிடும் என்பதை நான் புதிதாக வரும் செவிலியர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன்.

கேள்வி: 2 வாரம் பூஞ்சை மருந்து சரியாகப் போட்டோம், ஒரு மாற்றமும் இல்லை. ஆசனவாயைச் சுற்றி மட்டும் வட்டமாகச் செக்கச்செவேல் என்று இருக்கிறது. வெளிக்குப் போகும்போது வீறிட்டு அழுகிறான், மலத்தில் கோடாக ரத்தம்.

இது பூஞ்சையாக இல்லாமல் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்துப் பரிசோதித்தால் தெரிந்துவிடும். இதற்கு வழக்கமாக வாய்வழி ஆன்டிபயாடிக் தேவைப்படும். மலச்சிக்கல் என்று நினைத்து நாளைக் கடத்திவிடாதீர்கள்.

இன்னொன்று. புண் ஆறாமல், வாயைச் சுற்றியும் கை கால்களிலும் அதேபோல் வந்து, வயிற்றாலும் போய், முடியும் கொட்டினால் உடம்பில் துத்தநாகச் சத்துக் குறைவாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனை வேண்டும். சொரியாசிஸும் சில அரிய நோய்களும்கூட டயப்பர் புண் வேடத்தில் வரும். சரியாக மருந்து போட்டும் 2 வாரம் அசையவில்லை என்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஆறிவிட்டது, ஆனால் அந்த இடம் வெளிறித் திட்டுத் திட்டாக இருக்கிறது.

அது தழும்பு இல்லை, நிறம் திரும்ப நேரம் எடுக்கும். மருந்து வேண்டாம்.

கேள்வி: துணி நல்லதா, டயப்பர் நல்லதா? வெட் வைப்ஸ்?

புண் இருக்கும்வரை நன்றாக உறிஞ்சும் டயப்பர் உதவும். துணிதான் என்றால் நனைந்த உடனே மாற்றுங்கள், 60 டிகிரி வெந்நீரில் துவைத்து, சோப்பு மிச்சம் இல்லாமல் அலசுங்கள். வைப்ஸ் வேண்டாம், தண்ணீர் போதும். பெண் குழந்தை என்றால் முன்னாலிருந்து பின்னால் கழுவுங்கள்.

கேள்வி: எப்போது காத்திருக்காமல் ஓட வேண்டும்?

காய்ச்சல், சீழ், நீர்க்கொப்புளம், தோல் உரிவது, பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, கண்ணெதிரே பரவுவது. பிறந்து 6 வாரம் ஆகாத குழந்தை என்றால் சீழ்ப்புள்ளி ஒன்றே ஒன்று இருந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள்.

கேள்வி: இரவில் தூங்குகிற பிள்ளையை எழுப்பி டயப்பர் மாற்றணுமா சிஸ்டர்? பாவமாக இருக்கிறது.

மலம் போயிருந்தால் எந்த நேரமானாலும் உடனே மாற்ற வேண்டும். சிறுநீர் மட்டும் என்றால் இந்தப் புண் ஆறும்வரை நடுவில் ஒருமுறை மாற்றுங்கள், அது போதும். படுக்க வைக்கும்போதே மேல்பூச்சைக் கூடுதலாகப் பூசிவிடுங்கள். தண்ணீரை முன்பே ஃபிளாஸ்கில் வெதுவெதுப்பாக எடுத்து வைத்துக்கொண்டால், பெரிய விளக்கைப் போடாமலே வேலை முடிந்துவிடும். பிள்ளை பாதித் தூக்கத்திலேயே இருப்பான்.