பதில்: மூலிகை மாதிரிகளில் பூஞ்சை, அடையாளம் காண முடியவில்லை

வைத்தியர்கள் காட்டிய செடிகளைச் செய்தித்தாள்களுக்கிடையே அழுத்தி உலர வைத்தீர்கள், பாதி கறுத்துப் பூஞ்சை பிடித்தது, மீதியை உலர்தாவரக் காப்பகம் இனம் காண முடியாதெனத் திருப்பியது என்கிறீர்கள். இவை இரண்டும் வெவ்வேறு கோளாறுகள்.

பூஞ்சைக்குக் காரணம் ஈரம் தங்கியதுதான். முதல் மூன்று நான்கு நாள் தினமும் செய்தித்தாளை மாற்றுங்கள். செடிகளுக்கிடையே நெளிவு அட்டை வைத்தால் காற்று ஊடுருவும். இறுக்கிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் இலை சுருங்கும். சதைப்பற்றுள்ள தண்டைச் சில நொடி கொதிநீரில் முக்கி எடுத்தால் அழுத்தத்திலும் தொடர்ந்து வளராது. பல நாள் மழையில் அலைய வேண்டியிருந்தால் தாளோடு கட்டி, 70% ஆல்கஹாலில் நனைத்து, பாலித்தீன் பையில் மூடி வையுங்கள். நிறம் போகும், மாதிரி கெடாது.

இனம் காண முடியாததற்குக் காரணம் பெரும்பாலும் பூவோ காயோ இல்லாததுதான். வைத்தியர் வேரை மட்டும் எடுத்துக் கொடுத்தால் அது மாதிரியாகாது. அவருடன் செடி நிற்கும் இடத்துக்கே போங்கள். பூக்காத காலமென்றால் இடத்தைக் குறித்துக்கொண்டு மறுபடி செல்லுங்கள். பூ நிறம், ஒடித்தால் வடியும் பால், வாசனை எல்லாம் காய்ந்தபின் மறைந்துவிடும், அங்கேயே எழுதுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் சேகரிப்பு எண், அதாவது ஒவ்வொரு மாதிரிக்கும் நீங்கள் இடும் தனி எண். அதே எண் வைத்தியரிடம் எடுத்த நேர்காணல் குறிப்பிலும் இருக்க வேண்டும். செடியின் உள்ளூர்ப் பெயரை மட்டும் நம்பாதீர்கள்: 'பிரம்மி' என்று சிலர் நீர்ப்பிரமியையும் சிலர் வல்லாரையையும் சொல்வார்கள். எண் விடுபட்ட மாதிரிகளை நினைவிலிருந்து பொருத்த வேண்டாம். அதே வைத்தியரிடம் காட்டி, பயன்படும் பாகம், அளவு, தயாரிப்பு மூன்றையும் மீண்டும் கேளுங்கள். வெளியிட அவர் சம்மதிப்பதையும் அப்போதே பதிவு செய்யுங்கள்.