நீச்சல் குள விளக்குக்கு ஸ்மார்ட் சுவிட்சு: வாசகர் கேள்விகள்

கேள்வி: அழகர்கோவில் சாலையில் தோட்ட வீடு. குளத்து விளக்குகள் 12 வோல்ட். போனிலிருந்தே ஆன், ஆஃப் செய்யும் ஸ்மார்ட் சுவிட்சை டிரான்ஸ்பார்மருக்கு முன்னால் போடுவதா, பின்னாலா?

பதில்: முன்னால்தான். சாதாரணமாக விற்கும் ஸ்மார்ட் சுவிட்சு 230 வோல்ட்டில் வேலை செய்வது. டிரான்ஸ்பார்மர் குள விளக்குக்கென்றே விற்கும் ஐசொலேட்டிங் வகையாக (230 வோல்ட் பக்கமும் 12 வோல்ட் பக்கமும் ஒன்றோடொன்று வயர் தொடர்பில்லாதது) இருக்கட்டும். வேறு அடாப்டரை வைத்துச் சமாளிக்கச் சொன்னால் கேட்காதீர்கள். சுவிட்சு, டிரான்ஸ்பார்மர் இரண்டையும் தண்ணீர் விளிம்பிலிருந்து மூன்றரை மீட்டருக்கு அப்பால், மோட்டார் அறைக்குள் வையுங்கள்.

கேள்வி: மழை பெய்தாலே ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்சு) டிரிப் ஆகிறது. அதைக் கழற்றிவிட்டு நேரடியாக லைன் கொடுக்கலாம் என்கிறார் எலக்ட்ரீசியன். (ஒத்தக்கடை)

பதில்: தயவுசெய்து கழற்ற விடாதீர்கள். எங்கோ கரண்ட் கசிகிறது என்று அது சொல்கிறது. ஈர உடம்போடு குழந்தைகள் ஓடும் இடத்தில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபிதான் உயிர்க்காவல்.

கசிவு எங்கே? ஐசொலேட்டிங் டிரான்ஸ்பார்மர் இருந்தால், 12 வோல்ட் பக்கத்துக் கசிவு ஆர்சிசிபியை டிரிப் செய்யாது. அதனால் குளத்துக்குள் தேட வேண்டாம். 230 வோல்ட் பக்கம் பாருங்கள்: தோட்ட விளக்கு, பம்ப் மோட்டார், மண்ணுக்குள் டேப் சுற்றிப் புதைத்த ஜாயின்ட். பெரும்பாலும் அந்த ஜாயின்ட்தான் குற்றவாளி. ஒவ்வொரு லைனாகப் பிரித்து மெகர் (வயர் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும். ஜாயின்ட் தவிர்க்க முடியாதென்றால் தரைக்கு மேலே, தூசியும் தண்ணீரும் புகாத ஐபி65 பாக்ஸுக்குள் போடுங்கள். அப்புறம், ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அமுக்கிப் பாருங்கள்.

கேள்வி: ஸ்மார்ட் சுவிட்சுக்கு நியூட்ரல் வயர் கேட்கிறது; சுவிட்சு பாக்ஸில் அது இல்லை. எர்த்தை நியூட்ரலாகக் கொடுக்கலாமா? (திருப்பாலை)

பதில்: கூடவே கூடாது. எர்த் எங்காவது விட்டுப்போனால் அதோடு சேர்ந்த உலோகப் பொருள்கள் எல்லாமே ஷாக் அடிக்கும். அதே போர்டில் பிளக் பாயின்ட் இருந்தால் நியூட்ரல் அங்கேயே இருக்கும். இல்லையென்றால் அதே ஆர்சிசிபி லைனிலிருந்து புதிதாக ஒரு வயர் இழுங்கள்.

கேள்வி: கரண்ட் போய் வந்தால் விளக்கு தானாக எரிகிறது.

பதில்: பழுது இல்லை. ஸ்மார்ட் சுவிட்சின் போன் ஆப்பில், ‘கரண்ட் திரும்பும்போதைய நிலை’ என்ற அமைப்பை ‘ஆஃப்’ என்று வையுங்கள்.

கேள்வி: விளக்கு மாற்றும்போது போனிலேயே ஆஃப் செய்தால் போதுமா?

பதில்: போதாது. டைமரோ, வீட்டில் இன்னொருவர் போனோ மறுபடி ஆன் செய்துவிடலாம். மெயின் போர்டில் அந்த லைனுக்கான எம்சிபி சுவிட்சை இறக்கி, டெஸ்டரால் பார்த்த பிறகே கை வையுங்கள்.