விளையாட்டுக்கும் படம் பார்ப்பதற்கும் ஒரே மானிட்டர் போதுமா?

செங்கோட்டையில் வசிக்கும் தாங்கள், கணினியில் விளையாடவும் இரவில் தமிழ், மலையாளப் படங்கள் பார்க்கவும் ஒரே மானிட்டர் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதும்; ஆனால் திரையின் அளவைவிடப் பேனலின், அதாவது படத்தைக் காட்டும் திரைப்பலகையின், வகையையே முதலில் கவனிக்க வேண்டும். இங்கே ஐபிஎஸ், விஏ என்ற இரு வகைகளை ஒப்பிடுகிறேன்.

ஐபிஎஸ் பேனலைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. எனினும் அதன் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையிலான ஒளி விகிதம்) பெரும்பாலும் 1000:1 அளவிலேயே இருப்பதால், விளக்கணைத்த அறையில் கறுப்பு சாம்பல் நிறமாகத் தெரியும். விஏ பேனலில் அது 3000:1 வரையிலும் அதற்கு மேலும் இருப்பதால் இருட்டுக் காட்சிகள் ஆழமாகத் தோன்றும். ஆனால் வேகமாக நகரும் கரிய உருவங்களின் பின்னே நிழல் இழுபடக்கூடும். துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளே அதிகம் என்றால் ஐபிஎஸ்ஸையே பரிந்துரைப்பேன்.

ரிஃப்ரெஷ் ரேட் (திரை வினாடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற அளவு) 144 ஹெர்ட்ஸ் இருப்பது விளையாட்டு, படம் இரண்டுக்கும் நல்லது. 60 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 16.7 மில்லிவினாடி நிற்கும் ஒரு பிரேம் (தனிப்படம்), இதில் 7 மில்லிவினாடிக்குள் மாறிவிடும். மேலும், வினாடிக்கு 24 பிரேம்கள் கொண்ட திரைப்படத்துக்கு 144 சரியாக ஆறு மடங்கு என்பதால், 60 ஹெர்ட்ஸில் தெரியும் மெல்லிய தடுமாற்றம் இதில் இராது.

தெளிவைப் பொறுத்தவரை 24 அங்குலத்துக்கு 1080பி (1080 படப்புள்ளி வரிசைகள்), 27 அங்குலத்துக்கு 1440பி பொருந்தும். தென்காசியில் வாங்கினாலும் புனலூரில் வாங்கினாலும், கடையில் ஓர் இருட்டுக் காட்சியை ஓடவிட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.