கிடங்கில் போனதும் இரவலில் வந்ததும்

மதிப்புக்குரிய ஐயா,

நான் மல்லாவியில் ஆசிரியராக இருக்கிறேன். நான்கு வருடங்களாக ஈழத்து நூல்களின் முதற்பதிப்புகளைத் தேடிச் சேர்த்து வருகிறேன். சிறு வெளியீடுகளும் சேர்த்து நூற்றிருபது வரை தேறியிருக்கின்றன. சென்ற மாதம் மாங்குளத்தில் ஒரு வீட்டில் ‘நிலக்கிளி’ நாவலின் 1973ஆம் ஆண்டு வீரகேசரிப் பதிப்பு கிடைத்தது. அட்டையின் ஒரு மூலையைக் கறையான் தின்றிருக்கிறது. முதல் தாளில் மையால் ஒரு பெயர்; அதன் கீழே வேறு கையெழுத்தில் இன்னொரு பெயர். கனடாவில் இருக்கும் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு நல்ல விலை தருவதாகச் சொல்கிறார். பெயர் எழுதிய தாளை எடுத்துவிட்டால் இன்னும் கூடத் தருவாராம். நண்பர்களோ, “எல்லாம் இணையத்தில் கிடக்கிறது, நீ பழைய தாளைக் கட்டிக்கொண்டு திரிகிறாய்” என்று சிரிக்கிறார்கள். ஸ்கான் இருக்கும்போது முதற்பதிப்பு எதற்கு என்ற கேள்விக்கு எனக்கே பதில் தெரியவில்லை. இந்தக் காலநிலையில் இவற்றைப் பாதுகாப்பது எப்படி என்பதும் தெரியவில்லை. நீங்கள் முன்பு பெரிய சேகரிப்பு வைத்திருந்ததாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகர்,
மல்லாவி.

*

அன்புள்ள தம்பி,

பெயர் போடவில்லை. அந்தத் தாளைக் கிழிக்காதீர்கள். தொலைபேசி இலக்கம் தந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். மற்றவற்றை ஆறுதலாகப் பேசுவோம்.

என்னுடையதைப் பெரிய சேகரிப்பு என்று சொன்னவர் தாராள மனம் படைத்தவர். 2008இல் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது என்னிடம் இருந்தவை இரண்டு றங்குப்பெட்டிகளும் ஓர் உரப்பையும். உழவு இயந்திரப் பெட்டியில் கூரைத் தகரமும் கதவும் நெல்லும் ஏறிய பிறகு ஒரு றங்குப்பெட்டிக்குத்தான் இடம் இருந்தது. அப்போது நான் செய்த காரியத்தைச் சேகரிப்பாளர் எவரும் செய்திருப்பார். இருந்தவற்றில் அருமையானவை, முதற்பதிப்புகள், ஆசிரியர்கள் கையெழுத்திட்டுத் தந்தவை எல்லாவற்றையும் பொறுக்கி ஒரு பெட்டியில் அடுக்கி, இரண்டு சுற்றுப் பொலித்தீனால் கட்டி, வளவின் பின்பக்கம் இடுப்பளவு கிடங்கு வெட்டிப் புதைத்தேன். சும்மா வாசிக்கிற புத்தகங்களைக் கையோடு எடுத்துக்கொண்டேன். அருமையானது மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும் என்பது என் கணக்கு.

கையோடு வந்த பெட்டி விசுவமடுவில் நின்றுவிட்டது. உரப்பை புதுக்குடியிருப்பு வரை வந்தது. அங்கே மழைக்குச் சிரட்டையும் விறகும் நனைந்து கிடந்த ஒரு காலையில், குழந்தைக்குத் தண்ணீர் கொதிக்க வைப்பதற்காக ஒரு கவிதைத் தொகுப்பைத் தாள் தாளாகக் கிழித்து அடுப்பில் வைத்தேன். யாருடைய தொகுப்பு என்று சொல்ல மாட்டேன். ஆசிரியர் உயிருடன் இருக்கிறார். நல்ல மனிதர், சுமாரான கவிஞர். அதன் பிறகு உரப்பையை நானே எங்கோ வைத்துவிட்டு நடந்தேன். எந்த இடத்தில் என்று இன்றுவரை நினைவில்லை.

2010இல் மீளக் குடியேற விட்டார்கள். வீட்டில் சுவர் மட்டும் நின்றது. கிடங்கைத் தோண்டினேன். பெட்டி துருப்பிடித்திருந்தாலும் உருக்குலையவில்லை. மூடியைத் திறந்தபோது புத்தகங்கள் அடுக்கியபடியே இருப்பதாகத்தான் தெரிந்தது. ஒன்றைத் தூக்கினேன், கையில் மண் உதிர்ந்தது. கறையான் தாள் முழுவதையும் தின்றுவிட்டு, தின்ற இடத்தை மண்ணால் நிரப்பியிருந்தது. நீளம், அகலம், தடிப்பு எல்லாம் புத்தகத்தின் அளவுதான். இடையிடையே கட்டியிருந்த கம்பிகள் மட்டும் துருவேறிக் கிடந்தன. நான் அதன் அருகில் இருந்து சிரித்தேன் என்று மனைவி சொல்கிறாள். எனக்கு அது நினைவில்லை.

தப்பியவை நான்கு புத்தகங்கள். நான்கும் இரவல் போனவை. அவற்றுள் ஒன்று ‘மரணத்துள் வாழ்வோம்’: தமிழியல் வெளியீடாக 1985இல் வந்த, 31 கவிஞர்களின் தொகுப்பு. அதை வாங்கிக்கொண்டு வவுனியாவுக்குப் போன ஒருவரை எட்டு வருடங்களாக நான் வாயில் வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். செட்டிகுளம் முகாமிலிருந்து வெளியே வந்து அவர் வீட்டில் ஒரு நாள் தங்கியபோது, தேநீரோடு அந்தப் புத்தகத்தையும் கொண்டுவந்து வைத்தார். பழுப்புத் தாளில் உறை போட்டிருந்தார். “திருப்பித் தரப் பிந்திவிட்டது” என்றார். நான் என்ன சொல்ல!

இதைக் கேட்டுவிட்டு எல்லாவற்றையும் இரவல் கொடுக்கத் தொடங்கிவிடாதீர்கள். எனக்குத் தெரிந்து நான் இரவல் கொடுத்தவை நாற்பதுக்கு மேல் இருக்கும். அவற்றில் ஒன்றை ஆடு தின்றது.

ஸ்கான் பற்றிய கேள்விக்கு வருகிறேன். ஈழத்து நூல்களை ஸ்கான் செய்து இணையத்தில் ஏற்றுகிற, 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ திட்டம் இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்கள் வெறுங்கையோடு நின்றிருப்போம். கிடங்கில் போனவற்றில் பலவற்றைத் திரும்ப வாசித்தது அங்கேதான். உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி சரி. வாசிப்பதற்கு ஸ்கான் போதும். யாழ்ப்பாண நூலகத்தில் 1981இல் 97,000 வரையான நூல்கள் எரிந்ததை எல்லோரும் சொல்கிறோம். வன்னியில் வீடு வீடாகப் பெட்டிகளிலும் பைகளிலும் போனவற்றுக்குக் கணக்கே இல்லை. இப்படிப்பட்ட ஊரில் ஒரு நூல் கணினியில் ஏறிவிட்டதென்றால் எனக்கு அன்று நல்ல நித்திரை வரும்.

மற்றப் பாதிக்கு ஒரு சின்னப் புத்தகத்தைச் சொல்கிறேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் அச்சான நாற்பது பக்கக் கவிதை நூல் ஒன்று இப்போது என் மேசையில் இருக்கிறது. முதல் பாரம், அதாவது முதல் பதினாறு பக்கங்கள், வெள்ளைத் தாள். அடுத்த பதினாறு பக்கங்கள் பள்ளிக்கூடக் கொப்பித் தாள். நீலக் கோடுகளுக்கு மேலேயே எழுத்துகள் ஓடுகின்றன. கடைசி எட்டுப் பக்கங்கள் சரை சுற்றுகிற மாதிரியான பழுப்புத் தாள். அன்றைக்கு நாளிதழ்களே கொப்பித் தாளில்தான் வந்தன என்பதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அச்சகக்காரர் தாள் முடிய முடிய எங்கே போய் எதைக் கொண்டுவந்தார் என்பது அந்த நாற்பது பக்கங்களில் இருக்கிறது. அதே நூலின் கறுப்பு வெள்ளை ஸ்கான் ஒன்றும் என்னிடம் உண்டு. அதில் எல்லாப் பக்கமும் ஒரே சாம்பல் நிறம். கவிதைகளில் ஓர் எழுத்தும் குறையவில்லை. ஆனால் நூல் எப்படிப் பிறந்தது என்ற கதை முழுவதும் போய்விட்டது. கவிதைகளைவிட அந்தக் கதை நன்றாக இருக்கும் நூல்களும் நம்மிடம் உண்டு.

உங்கள் ‘நிலக்கிளி’யின் கதை வேறு. 1970களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு இதழ்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது இங்கே வாசகர்களுக்குப் பசி, எழுதுகிறவர்களுக்கு இடம். வீரகேசரிப் பிரசுரங்கள் அந்த இடைவெளியில் வளர்ந்தவை. மலிவுத் தாள், சிறிய அளவு, பஸ்ஸில் வாசித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுக்கிற புத்தகம். சிறு வெளியீட்டாளர் முந்நூறு பிரதி அடிக்கிற கதை இல்லை இது. அருமையாக்கியது அச்சகம் இல்லை. பிறகு நடந்த காரியங்கள். அ. பாலமனோகரன் அந்த நாவலில் எழுதியது தண்ணிமுறிப்புக் கிராமத்தை. அந்தப் பக்கத்துச் சனங்கள் எத்தனை தடவை எழும்பி எங்கெங்கே போனார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நாவலில் வரும் காட்டுக்கு இவ்வளவு அருகே, மாங்குளத்தில், ஒரு பிரதி தப்பி இருந்திருக்கிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஆகவே அந்த இரண்டு பெயர்கள். ஆங்கிலப் புத்தகச் சந்தையில், எழுதியவரோ பெயர்பெற்ற ஒருவரோ இட்ட கையெழுத்து விலையைக் கூட்டும். சாதாரண வாசகரின் பெயர் குறைக்கும். மேலுறை கசங்காமல், கை படாதது போல் இருப்பதற்குத்தான் அங்கே மதிப்பு. கனடா நண்பர் அந்தக் கண்ணோடு பார்க்கிறார், பிழையில்லை. நம் ஊரில் கை படாத பிரதி என்றால் யாரும் வாசிக்காத பிரதி என்றுதான் எனக்குப் படுகிறது. ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்திருக்கிறார், இரண்டாமவர் தன் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார். இரவலா, பரிசா, சீதனத்தோடு வந்ததா? மாங்குளத்து வீட்டில் இன்னும் ஒரு தடவை போய்க் கேளுங்கள். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஒரு தாளில் எழுதி நூலோடு வையுங்கள். நூலின் மேலே எழுத வேண்டாம்.

விற்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் தேவை இருந்தால் விற்றுவிடுங்கள். நன்றாக ஸ்கான் செய்து நூலகம் திட்டத்துக்குக் கொடுத்துவிட்டு, பெயர்த் தாளோடு முழுசாக விற்றுவிடுங்கள். தாளைக் கிழித்தால்தான் வாங்குவேன் என்றால் அவருக்கு வேறு பிரதி கிடைக்கட்டும்.

ஒரு விடயம், கேட்காமலே சொல்கிறேன். ‘முதற்பதிப்பு’ என்று அச்சிட்டிருப்பதை நம்பி ஏமாறாதீர்கள். நம் பதிப்பகங்கள் வேறு ஒருவர் முப்பது வருடங்களுக்கு முன் போட்ட நூலைத் தாங்கள் முதல்முறை போடும்போதும் ‘முதற்பதிப்பு’ என்றே போட்டுக்கொள்வதுண்டு. சந்தேகம் வந்தால் ஈழத்து நூல்களின் விவரப்பட்டியலான என். செல்வராஜாவின் ‘நூல்தேட்ட’த்தைப் பாருங்கள். 2002இல் முதல் தொகுதி வந்தது, தொகுதிக்கு ஆயிரம் நூல்கள். பதிப்பித்தவர், அச்சகம், பக்கம், விலை, சென்ரிமீற்றரில் அளவு வரை தந்திருப்பார். அடிமட்டத்தை எடுத்து உங்கள் பிரதியை அளந்து பார்க்கலாம். நான் ஒரு தடவை அப்படி அளந்ததில் பெருமையாக வைத்திருந்த ஒரு முதற்பதிப்பு மறுபதிப்பாகிப் போனது. ஒரு கிழமை யாருடனும் பேசவில்லை.

நாவல்களையும் கவிதைகளையும் உங்களைப் போலப் பலர் தேடுகிறார்கள். யாரும் தேடாதவை சில இருக்கின்றன. இறந்தவர் நினைவாக 31ஆம் நாளில் அச்சிட்டுக் கொடுக்கிற சிறுநூல்களை, நாம் கல்வெட்டு என்கிறவற்றைச் சொல்கிறேன். அந்தியேட்டிக்கு வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பரணில் போடுவார்கள். தேவாரத்துக்கும் படத்துக்கும் நடுவே, இன்னார் எந்த ஊரிலிருந்து எந்தக் குடியேற்றத்துக்கு வந்தார், எந்தக் குளத்துக்குக் கீழே காடு வெட்டினார், யார் யாரைக் கட்டினார் என்று நான்கு பக்கம் இருக்கும். வன்னியின் சமூக வரலாறு அப்படிச் சிதறிக் கிடக்கிறது. இரண்டாம் பதிப்பு ஒருபோதும் வராது. ஆகவே எல்லாமே முதற்பதிப்பு. பள்ளிக்கூட மலர், கும்பாபிஷேக மலர், ரோனியோவில் அடித்த நாடகப் பிரதி எல்லாம் இதே வகை. கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு நாடக நோட்டீசையும் கலியாண அழைப்பிதழையும் சேர்த்தார். 1992இல் அவர் இறந்தபின் சிக்காகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. சென்னையில் அது இன்று ஆய்வு நூலகமாக இருக்கிறது. அவர் வாழ்ந்த காலத்தில் பழைய நோட்டீசுக்கு யார் மதிப்புக் கொடுத்தார்கள்?

பாதுகாப்பு: பொலித்தீனில் இறுக்கிக் கட்டாதீர்கள், ஐப்பசி மழை தொடங்கினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். இரும்பு றாக்கையைச் சுவரில் முட்டாமல் வைத்து, பழைய சாப்பாட்டு அலுமாரிக்குச் செய்வது போலக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். தண்ணீர் வற்றவிடக் கூடாது. துருப்பிடிக்கும் கம்பியை மெதுவாகக் கழற்றி நூலால் தையுங்கள். செலோரேப் ஒட்டினால் உங்களோடு நான் பேச மாட்டேன். மாப்பசையும் வேண்டாம், இராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. வேப்பிலை வைப்பதென்றால் நன்றாகக் காய்ந்ததாக இருக்கட்டும். பச்சை இலை கறை விடும். மாசி, பங்குனியில் எல்லாவற்றையும் நிழலில் விரித்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். கறையான் தின்ற மூலையை ஒன்றும் செய்ய வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

பங்குனியில் துணுக்காய்க்கு ஒரு அலுவலாக வருகிறேன். மல்லாவி பக்கத்தில்தானே, உங்கள் வீட்டுக்கு வந்து அந்த 1973 பிரதியைப் பார்க்க ஆசை. போகும்போது இரவல் கேட்பேன். என்ன பதில் சொல்வதென்று இப்போதே யோசித்து வையுங்கள்.