காற்கூறு

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓசூரில் ஒரு தனியார் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். ஷிப்ட் முடிந்து வந்து குறுந்தொகை படிக்க ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. குறிப்பெடுக்க முதலில் எவர்நோட், பிறகு நோஷன், இப்போது அப்சிடியன். உரைகள், காணொளிகள் என்று சேமித்த சுட்டிகளே அறுநூறு இருக்கும். போன வாரம் நண்பர் ஒருவர், "ஒரு பாட்டுச் சொல்லேன்" என்றார். இரண்டு அடிக்கு மேல் வரவில்லை. என் கருவிகள் சரியில்லையா? நீங்கள் எதைப் பயன்படுத்துகிறீர்கள்? நேரம் வைத்துப் படிக்க உதவும் பொமோடோரோ செயலி ஒன்றுக்குச் சந்தா கட்டலாமா என்றும் யோசனை.

எஸ்., ஓசூர்

அன்புள்ள எஸ்.,

அறுநூறு சுட்டி என்றதும் சிரித்துவிட்டேன், உங்களை நினைத்தல்ல. என் பழைய மடிக்கணினி உயிரை விட்டபோது ஏழெட்டு ஆண்டுக் குறிப்புகளும் அதோடு போயின. இரண்டு நாள் துக்கம் காத்தேன். மூன்றாம் நாள், போனவற்றில் எவையெல்லாம் வேண்டும் என்று பட்டியல் போட உட்கார்ந்தால், ஐந்தாறுக்கு மேல் நினைவுக்கே வரவில்லை. சேர்த்ததையெல்லாம் படித்த கணக்கில் எழுதி வைத்திருந்திருக்கிறேன்!

நன்னூலில் பாடம் கேட்கும் முறையைச் சொல்லும்போது பவணந்தி முனிவர் ஒரு கணக்குப் போடுகிறார். ஆசிரியர் சொன்னதை நன்றாகவே வாங்கிக்கொண்டாலும் மாணவன் 'காற்கூறு அல்லது பற்றலன்', கால் பங்குக்கு மேல் பிடித்துக்கொள்வதில்லை. உடன் படிப்பவர்களோடு பழகினால் இன்னொரு கால். மிச்ச அரை, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும். உங்கள் செயலிகள் மூன்றும் முதல் காலுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கின்றன. பாட்டுச் சொல்லச் சொன்னாரே அந்த நண்பர், உங்களிடம் இருப்பதிலேயே நல்ல கருவி அவர்தான். வாரம் ஒரு பாட்டு அவருக்குச் சொல்லுங்கள். காபிச் செலவு உங்களுடையது.

என் மேசையில் இருப்பது ஒரு செருப்புப் பெட்டி. அதற்குள் ஐந்து அறை, கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிய அட்டைகள். செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் 1972இல் எழுதிப் பரப்பிய முறை இது. அட்டையின் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால், நான்காவது அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையைத் தினமும் புரட்டுவேன், இரண்டாவதை மூன்று நாளைக்கு ஒருமுறை, கடைசி அறையை மாதம் ஒருமுறை. மறக்கப்போகிற நேரத்தில் நினைவுகூர்வதுதான் இதில் சூட்சுமம்.

ஒரு அட்டையில் ஒரே கேள்வி. இதில்தான் பலர் சறுக்குகிறார்கள், உரை முழுவதையும் அட்டையில் ஏற்றிவிடுவார்கள். 'யாயும் ஞாயும் யாரா கியரோ' பாட்டுக்கு என்னிடம் நான்கு அட்டைகள் உண்டு. ஒன்றில் 'ஞாய்' என்று மட்டும் இருக்கும், பின்னால் 'உன் தாய்'. இன்னொன்றில் 'செம்புலப் பெயனீர் போல', பின்னால் அடுத்த அடி. கைப்பேசியில்தான் வேண்டுமென்றால் ஆன்கி இருக்கிறது. 2006 முதல் புழங்குகிற செயலி. பெயருக்கு ஜப்பானிய மொழியில் மனப்பாடம் என்றே பொருள். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஆனால் பிறர் தயாரித்த அட்டைக்கட்டை இறக்கிக்கொள்ளாதீர்கள். எதைக் கேள்வியாக்குவது என்று முடிவு செய்வதிலேயே பாதிப் படிப்பு நடந்துவிடுகிறது.

சொற்பொருளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், 1939இல் அனுபந்தம். சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் காசில்லாமல் தேடலாம். தேடும் முன் உங்கள் ஊகத்தைப் பென்சிலால் ஓரத்தில் எழுதிவிடுங்கள். தப்பாக ஊகித்த சொல் லேசில் மறப்பதில்லை, அவமானம் போலும்.

பொமோடோரோவுக்கு வருவோம். இந்த முறையை வகுத்த பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் இறுதியில் மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவச் சமையலறை டைமர் ஒன்றைத் திருகி வைத்துக்கொண்டு படித்தாராம். இத்தாலிய மொழியில் பொமோடோரோ என்றால் தக்காளி. இருபத்தைந்து நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு, அவ்வளவுதான் விஷயம். உங்கள் கைப்பேசியில் அலாரம் இருக்கிறதல்லவா? அதை வைத்துவிட்டு, கைப்பேசியை அடுத்த அறையில் போடுங்கள். சந்தா வேண்டாம்.